மக்காச்சோளத்தில் தொடங்கி காப்புரிமை வரை: ஸ்வி கிரிலிக்கஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளாண் பொருளியல் முதுகலை படிக்கும் பிள்ளைகளிடம் கிரிலிக்கஸ் என்று சொன்னால் "மக்காச்சோளக் கட்டுரை எழுதியவர்தானே" என்பார்கள், அத்தோடு சரி. பொருளாதாரத் துறைப் பக்கம் போய்க் கேட்டால் "காப்புரிமை, ஆராய்ச்சிச் செலவு, உற்பத்தித்திறன்" என்று பட்டியல் வரும், மக்காச்சோளம் என்றால் முழிப்பார்கள். இரண்டும் ஒரே ஆள். இந்த இரண்டு பாதியும் எப்படி ஒட்டுகிறது என்பதைச் சுற்றித்தான் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இருக்கும். அவற்றை இங்கே போட்டிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில துண்டு.

சுருக்கமாக, யார் இவர்?

1930-இல் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்க்லியில் வேளாண் பொருளியலில் இளங்கலையும் முதுகலையும், சிகாகோவில் 1957-இல் பிஎச்டி. சிகாகோவிலேயே ஆசிரியராக இருந்துவிட்டு 1969-இல் ஹார்வர்டுக்குப் போனார், கடைசி வரை அங்கேதான். நாற்பது வயதுக்குட்பட்ட பொருளியலாளர்களுக்கு அமெரிக்காவில் தரும் ஜான் பேட்ஸ் கிளார்க் பதக்கம் 1965-இல் கிடைத்தது. 1975-இல் எகனாமெட்ரிக் சொசைட்டியின் தலைவர், 1993-இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் தலைவர். 1999 நவம்பரில் புற்றுநோயால் இறந்தார்.

பள்ளிப் படிப்பே இல்லாமல் பல்கலைக்கழகம் போனார் என்கிறார்களே?

கிட்டத்தட்ட அப்படித்தான். 1941-இல் நாஜிகள் கௌனாஸைப் பிடித்து யூதர்களை ஓர் அடைப்புப் பகுதிக்குள் தள்ளியபோது இவருக்கு பத்து வயது. அங்கிருந்து 1944-இல் ஜெர்மனிக்கு, டாஹவ் வதைமுகாம்களுக்கு. அப்பாவும் அம்மாவும் முகாம்களிலேயே இறந்துபோனார்கள். 1945-இல் அமெரிக்க ராணுவம் வந்து விடுவித்தபோது பதினாலு வயசுப் பையன், கூட யாரும் இல்லை, படிப்பு நாலாண்டுக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது.

1947-இல் பாலஸ்தீனத்துக்குக் கப்பல் ஏறினார். பிரிட்டிஷ்காரர்கள் அந்தக் கப்பலை மறித்து, வந்தவர்களை சைப்ரஸில் அடைத்துவைத்தார்கள். அங்கிருந்து ஒருவழியாக வெளியே வந்து, கிப்புட்ஸ் எனப்படும் கூட்டுப்பண்ணையில் இருந்தார், ராணுவத்தில் இருந்தார், இடையில் தானாகவே படித்துப் பள்ளி இறுதித் தேர்வுக்குச் சமமான தேர்வை எழுதித் தேறினார். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு வரலாறு. பிறகு 1951-இல் பெர்க்லி. அங்கிருந்து ஆறே ஆண்டில் பிஎச்டி முடித்து, அதற்குப் பிறகும் பேசப்படும் ஒரு கட்டுரையையும் வெளியிட்டுவிட்டார்.

அவர் ஏன் வேளாண் பொருளியலை எடுத்தார்?

கூட்டுப்பண்ணையில் இருந்து வந்தவருக்கு வேளாண்மை அந்நியம் இல்லை, அது ஒன்று. ஆனால் அவருக்கு அங்கே கிடைத்ததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பெர்க்லி வேளாண் பொருளியல் துறையில் ஜார்ஜ் குஸ்நெட்ஸ் இருந்தார் (பின்னாளில் நோபல் வாங்கிய சைமன் குஸ்நெட்ஸின் தம்பி). புள்ளியியலை அடிப்படையிலிருந்து கறாராகச் சொல்லிக்கொடுத்த ஆள். பிறகு சிகாகோவில் டி. டபிள்யூ. ஷூல்ட்ஸ், இவருக்கு 1979-இல் நோபல். ஷூல்ட்ஸுக்கு ஒரே பிடிவாதம்: விவசாயி ஏழையாக இருக்கலாம், கணக்குத் தெரியாதவன் கிடையாது. கிரிலிக்கஸின் மக்காச்சோள ஆய்வு முழுக்க அந்த நம்பிக்கையை எண்ணால் சோதித்துப் பார்த்ததுதான்.

எகனாமெட்ரிக்ஸ் என்றால் பங்குச்சந்தை, ஜிடிபி இதெல்லாம்தானே? வயலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நேர் எதிராகக் கேட்க வேண்டிய கேள்வி. பொருளாதார அளவையியல் என்று பாடநூலில் வரும் எகனாமெட்ரிக்ஸின் (பொருளாதாரக் கேள்விகளுக்குத் தரவையும் புள்ளியியலையும் வைத்துப் பதில் தேடும் துறை) பாதிக் கருவிகள் வயலிலும் காய்கறி மண்டியிலும்தான் பிறந்தன. காரணம் எளிது. 1920-களில் அமெரிக்காவில் ஆண்டுதோறும் தொடர்ச்சியாக, மாநில வாரியாக, விலையும் அளவும் சேர்ந்து கிடைத்த தரவு என்றால் அது வேளாண் துறையின் தரவு. இரும்பாலைக்காரன் தன் கணக்கைக் காட்ட மாட்டான், பருத்தி விலை எல்லாருக்கும் தெரியும்.

ஃபிலிப் ரைட் 1928-இல் ஆளிவிதை விலையையும் எண்ணெய் இறக்குமதி வரியையும் ஆராயும்போதுதான், தேவை வளைவையும் அளிப்பு வளைவையும் பிரித்தெடுக்க, இன்று கருவி மாறி என்று எல்லாரும் பயன்படுத்தும் முறையை எழுதினார். அதற்கு முந்தின ஆண்டு எல்மர் வொர்க்கிங், சந்தையில் பார்க்கும் விலை-அளவுப் புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டால் அது தேவை வளைவாகத்தான் இருக்க வேண்டுமென்று என்ன கட்டாயம் என்று கேட்டார். மழை மாறினால் அளிப்பு நகரும், தேவை நிற்கும், அப்போது கோடு தேவையைக் காட்டும். இரண்டும் நகர்ந்தால் கோடு எதையும் காட்டாது. மழை என்ற ஒன்று இருப்பதால்தான் வேளாண்மையில் இது மற்ற துறைகளைவிட முன்னாலேயே பிடிபட்டது. ஃபிரெடெரிக் வா என்பவர் பாஸ்டன் மொத்த மார்க்கெட்டில் தண்ணீர்விட்டான் (அஸ்பாரகஸ்) தண்டுக் கட்டு ஒவ்வொன்றின் பச்சை நீளத்தையும் அளந்து, ஓர் அங்குலப் பச்சைக்கு எவ்வளவு விலை கூடுகிறது என்று கணக்குப் போட்டார். இந்த வா பின்னால் கார் விலைக் கேள்வியில் திரும்ப வருவார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த மக்காச்சோள ஆய்வு. உண்மையில் என்ன செய்தார்?

முதலில் பின்னணி. வீரிய ஒட்டு மக்காச்சோளம் என்பது இரண்டு உள்கலப்பு வரிசைகளை (பல தலைமுறை தனக்குள்ளேயே கலந்து எடுத்த செடிகள்) சேர்த்து எடுக்கும் விதை. 1908 வாக்கில் அதன் அறிவியல் தெரிந்துவிட்டது, 1918-இல் கனெக்டிகட்டில் டொனால்ட் ஜோன்ஸ் இரட்டைக் கலப்பு முறையைக் கொண்டுவந்த பிறகுதான் விதை வணிகமாக விற்கும் விலைக்கு வந்தது. 1926-இல் ஹென்றி வாலஸ் அயோவாவில் விதைக் கம்பெனி தொடங்கினார் (பின்னால் அமெரிக்க வேளாண் அமைச்சர், அப்புறம் துணை ஜனாதிபதியும் ஆனவர்). விளைச்சல் பழைய ரகத்தைவிட 15 முதல் 20 சதவீதம் கூடுதல். ஆனால் விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்க முடியாது, அடுத்த தலைமுறையில் வீரியம் இறங்கிவிடும், ஒவ்வொரு பட்டத்துக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அயோவாவில் இது காட்டுத்தீ மாதிரி பரவியது: மொத்த மக்காச்சோளப் பரப்பில் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் போக நாலே ஆண்டு. அலபாமாவிலோ பத்து ஆண்டுக்கும் மேல் தாமதமாகத்தான் ஆரம்பமே ஆனது, அதற்குப் பிறகும் ஏற்றம் மெதுவாக இருந்தது. ஏன்?

கிரிலிக்கஸ் ஒவ்வொரு மாநிலத்துக்கும், அதற்குள் சின்னப் பயிர் மாவட்டங்களுக்கும், ஆண்டுவாரியாக ஒட்டு விதை போட்ட பரப்பின் சதவீதத்தை எடுத்துக்கொண்டு, அதன் மேல் எஸ் வடிவ லாஜிஸ்டிக் வளைவைப் பொருத்தினார். வளைவைப் பொருத்துவது பெரிய வித்தை இல்லை, உயிரியல்காரர்கள் ஏற்கெனவே செய்ததுதான். அவர் செய்த காரியம், அந்த வளைவை மூன்று எண்ணாக உடைத்தது. எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகத்தில் ஏறியது, எங்கே போய் நின்றது. மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் தேடினார்.

தொடக்கத்தை விதைக் கம்பெனி தீர்மானிக்கிறது. அயோவாவுக்கென்று தயாரித்த ஒட்டு அலபாமாவில் விளையாது. மண் வேறு, பகல் நீளம் வேறு, பூச்சி வேறு. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனியாக ஒட்டு கட்ட வேண்டும். அதனால்தான் அவர் ஒட்டு மக்காச்சோளத்தை ஒற்றைக் கண்டுபிடிப்பாகப் பார்க்கவில்லை, கண்டுபிடிக்கும் முறையையே கண்டுபிடித்ததாகச் சொன்னார். அந்த முறையைக் கொண்டு எந்த வட்டாரத்துக்கு முதலில் விதை தயாரிப்பார்கள்? மக்காச்சோளம் அடர்த்தியாக இருக்கும் இடத்துக்கு. விற்பனை அங்கேதான் பெரிது, ஊர் ஊராகப் போய் விற்கும் செலவும் குறைவு. வேகமும் உச்சவரம்பும் விவசாயியின் கையில் இருக்கின்றன: ஏக்கருக்கு எத்தனை புஷல் கூடுதலாகக் கிடைக்கும், அதில் விதைச் செலவு போக என்ன நிற்கும். அயோவாவில் ஏக்கர் விளைச்சல் ஏற்கெனவே அதிகம், அதில் 20 சதவீதம் என்பது நல்ல காசு. வறண்ட, மெலிந்த நிலத்தில் அதே 20 சதவீதம் விதை விலைக்கே சரியாகிவிடும்.

அப்படியானால் அலபாமா விவசாயி பின்தங்கியவன் இல்லையா?

இதுதான் அந்தக் கட்டுரையின் மையம். தெற்கத்திக்காரன் பழமைவாதி, புதுசை நம்ப மாட்டான் என்பது அன்றைய பொதுப்பேச்சு. கிரிலிக்கஸின் பதில்: அவனுக்குத் தோதான விதை கடைக்கே வராதபோது எதை ஏற்பது, எதை மறுப்பது?

கிராமச் சமூகவியலாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுக்கு இதில் முன்னுரிமை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1943-லேயே ரயனும் கிராஸும் அயோவாவின் இரண்டு ஊர்களில் விவசாயிகளை நேரில் பேட்டி கண்டு, ஒட்டு விதை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எழுதியிருந்தார்கள். விற்பனையாளர் சொல்லித் தெரிந்துகொண்டான், பக்கத்துக்காட்டுக்காரன் போட்டதைப் பார்த்துத்தான் தானும் போட்டான் என்பது அவர்கள் கண்டது. 1960 வாக்கில் இரு தரப்புக்கும் அச்சிலேயே வாக்குவாதம் நடந்தது. லாபமா, மனப்பாங்கா என்று எதிரெதிராக வைப்பதே தப்பு என்று கிரிலிக்கஸ் எழுதினார். என் பார்வையில் இரு தரப்பும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஊருக்குள் யார் முதலில் போடுவார், யார் கடைசியில் போடுவார் என்பதற்குச் சமூகவியல் வேண்டும். அயோவாவும் அலபாமாவும் ஏன் வேறு என்பதற்கு லாபக் கணக்கே பெருமளவு போதும்.

ஆராய்ச்சிக்குப் போட்ட பணத்தில் 700 சதவீத லாபம் என்று ஓர் எண் சுற்றுகிறதே, அது நிஜமா?

எண் நிஜம், 1958-இல் அவர் எழுதியதுதான். ஆனால் அதைப் பெரும்பாலானவர்கள் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள், மானியக் கோரிக்கை எழுதுகிற விஞ்ஞானிகள் முதல் வரிசையில்.

அவர் செய்தது இது. 1910 முதல் ஒட்டு மக்காச்சோள ஆராய்ச்சிக்கு அரசும் கம்பெனிகளும் செய்த செலவை ஆண்டுவாரியாகத் திரட்டினார். கூடுதல் விளைச்சலால் சமூகத்துக்குக் கிடைத்த பயனை நுகர்வோர் உபரி முறையில் (வாங்குபவர் தரத் தயாராக இருந்த விலைக்கும் உண்மையில் தந்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) மதிப்பிட்டார். இரண்டையும் வட்டி போட்டு 1955-க்குக் கொண்டுவந்தார். அன்றைய தேதியில் செலவுக் கணக்கில் நிற்கும் ஒவ்வொரு டாலருக்கும் ஆண்டுக்கு ஏழு டாலர் வருகிறது என்பதுதான் 700 சதவீதம். இதை வங்கி வட்டி மாதிரி எடுத்துக்கொண்டால் அபத்தமாகிவிடும். ஆண்டுக்கு 700 சதவீதம் கூட்டுவட்டி என்றால் பணம் ஒவ்வொரு ஆண்டும் எட்டு மடங்கு ஆக வேண்டும். 1910-இல் போட்ட ஒரு டாலர் பத்தாண்டிலேயே நூறு கோடியைத் தாண்டியிருக்கும். முதலீட்டுக்காரர்கள் பேசும் அக வருவாய் வீதமாக (செலவையும் பயனையும் சமமாக்கும் ஆண்டு வட்டி) அதே தரவைக் கணக்கிட்டால் வருவது 35 முதல் 40 சதவீதம். அதுவே அசாத்தியமான லாபம், ஊதிப் பெருக்க அவசியமே இல்லை.

இன்னொரு எச்சரிக்கையை அவரே வைத்திருந்தார். ஒட்டு மக்காச்சோளம் ஜெயித்த ஆராய்ச்சி. ஜெயித்த ஒன்றை எடுத்து வருவாய் கணக்குப் போட்டுவிட்டு எல்லா ஆராய்ச்சியும் இப்படித்தான் தரும் என்று சொல்லக் கூடாது, தண்ணி வராத போர்களுக்கு ஆன செலவையும் சேர்த்துத்தான் தண்ணி வந்த போரின் கணக்கைப் பார்க்க வேண்டும். இதற்குப் பிறகு உலகம் முழுக்க வேளாண் ஆராய்ச்சியின் வருவாயை மதிப்பிட்டு நூற்றுக்கணக்கில் ஆய்வுகள் வந்துவிட்டன, நம் ஊர் வேளாண் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகள் உள்பட. இந்த எச்சரிக்கையை மட்டும் எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

உரம் பற்றியும் எழுதியிருக்கிறாராமே?

ஆமாம், அதே 1958. உரப் பயன்பாடு ஏன் கூடியது என்றால் "தொழில்நுட்ப மாற்றம்" என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். அவர் விளைபொருள் விலையோடு ஒப்பிட்டு உரத்தின் விலை இறங்கியதையும், விவசாயி ஒரே ஆண்டில் மாறாமல் மெதுவாகத்தான் சரிசெய்துகொள்கிறான் என்பதையும் சேர்த்தே பெரும்பகுதியை விளக்கிவிட்டார்.

பிஎச்டி செய்பவர்கள் எல்லாரும் பயப்படும் அந்த "விடுபட்ட மாறி" விஷயத்தில் இவருக்கு என்ன பங்கு?

1957-இல், மக்காச்சோளக் கட்டுரை வந்த அதே ஆண்டு, பண்ணை உற்பத்திச் சார்புகளை (எதை எவ்வளவு போட்டால் எவ்வளவு விளையும் என்ற சமன்பாடு) மதிப்பிடுவதில் வரும் பிழையைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதினார். பிரச்சினை இப்படி. விளைச்சலை நிலம், உழைப்பு, உரம், எந்திரம் என்று ரிக்ரஷனில் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று தரவிலிருந்து கணக்கிடும் முறை) போடுகிறோம். விவசாயியின் சாமர்த்தியத்துக்கு எண் இல்லை, அதனால் விட்டுவிடுகிறோம். ஆனால் சாமர்த்தியமான ஆள்தான் உரமும் கூடுதலாகப் போடுகிறான், நேரத்துக்கும் போடுகிறான். அவன் சாமர்த்தியத்தால் வந்த விளைச்சலும் உரத்தின் கணக்கில் ஏறிவிடும். பிறகு நாம் "உரம் ஒரு கிலோ கூட்டினால் இவ்வளவு விளையும்" என்று பரிந்துரை எழுதுவோம், அதை நம்பிப் போடுகிறவனுக்கு அவ்வளவு விளையாது.

எந்த மாறியை விட்டால் எந்தப் பக்கம், எவ்வளவு சாயும் என்று வாய்பாடாகவே எழுதிக்காட்டினார். இருபது ஆண்டு கழித்து, படிப்பு கூடினால் சம்பளம் எவ்வளவு கூடும் என்ற கேள்வியை எடுத்தபோது அதே வாய்பாடுதான். சாமர்த்தியமான விவசாயிக்குப் பதில் கெட்டிக்கார மாணவன். கேரி சேம்பர்லினோடு சேர்ந்து, ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளின் தரவை வைத்துக் குடும்பத்தின் செல்வாக்கைக் கழித்துப் பார்த்தார். திறமையை விட்டதால் வரும் சாய்வு எல்லாரும் அஞ்சிய அளவுக்கு இல்லை, படித்த ஆண்டுகளைத் தப்பாகப் பதிவுசெய்வதால் எதிர்ப்பக்கம் வரும் சாய்வையும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

"எச்சம்" என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன, அதில் இவருக்கு என்ன கோபம்?

கோபம் என்பது சரியான சொல்தான். 1957-இல் ராபர்ட் சோலோ, 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணிநேர உழைப்புக்கான உற்பத்தி வளர்ந்ததில் எட்டில் ஏழு பங்கை மூலதனப் பெருக்கத்தால் விளக்க முடியவில்லை, அது தொழில்நுட்ப மாற்றம் என்று எழுதினார். அதற்கு முந்தின ஆண்டு மோசஸ் அப்ரமோவிட்ஸ் இதே மாதிரி எச்சத்தை நம் அறியாமையின் அளவு என்று நேர்மையாகவே சொல்லிவிட்டார்.

கிரிலிக்கஸுக்கு இது பொறுக்கவில்லை. அறியாமைக்கு "தொழில்நுட்பம்" என்று பெயர் வைத்துவிட்டால் அறிவாகிவிடுமா? 1963-இல் அமெரிக்க வேளாண்மையின் 1940-60 தரவை எடுத்து உட்கார்ந்தார். ஆட்களை வெறும் தலைக்கணக்காக எண்ணாமல் படிப்பைச் சேர்த்து எண்ணினார். டிராக்டர் விலைக் குறியீடு தரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று திருத்தினார். பண்ணை பெரிதாவதால் வரும் சிக்கனத்தைச் சேர்த்தார். அடுத்த ஆண்டில் அரசின் ஆராய்ச்சி, விரிவாக்கச் செலவையும் உற்பத்திச் சார்புக்குள்ளேயே கொண்டுவந்தார். எச்சம் ஏறக்குறைய மறைந்தேவிட்டது.

1967-இல் டேல் ஜோர்கன்சனோடு சேர்ந்து இதையே மொத்த அமெரிக்கப் பொருளாதாரத்துக்கும் செய்தார். அங்கே கொஞ்சம் அளவு மீறிப்போச்சு என்பது என் அபிப்பிராயம். எட்வர்ட் டெனிசன் வரி வரியாக எதிர்த்து எழுதி, அவர்கள் எச்சத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் கேள்வி நின்றது. இன்று பல நாடுகளின் உற்பத்தித்திறன் கணக்கில் உழைப்பைப் படிப்பால் எடைபோடுகிறார்கள் என்றால் அதன் வேர் அந்த வேளாண் கட்டுரையில் இருக்கிறது.

கார் விலைக்கும் வேளாண் பொருளியலாளருக்கும் என்ன வேலை?

டிராக்டர்தான் வழி. எந்திரத்தின் தரம் கூடுவதை விலைக் குறியீட்டில் எப்படிக் கழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவரிடம், அமெரிக்காவின் விலைப் புள்ளிவிவரங்களைச் சீராய்ந்த ஸ்டிக்லர் குழு ஒரு கட்டுரை கேட்டது. அது 1961-இல் வந்தது. காரின் குதிரைத்திறன், எடை, நீளம், இன்ன வசதி உண்டா இல்லையா என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சந்தை என்ன விலை தருகிறது என்று ரிக்ரஷனில் எடுத்தார். பிறகு கார் விலை ஏறியதில் எவ்வளவு வெறும் விலையேற்றம், எவ்வளவு பெரிய கார், நல்ல கார் என்பதற்கான கூடுதல் என்று பிரித்தார். கணிசமான பங்கு இரண்டாவதுதான். பாஸ்டன் மார்க்கெட்டில் வா பச்சைத் தண்டுக்குச் செய்த அதே வேலை. வாவுக்குப் பிறகு, 1939-இல் ஆண்ட்ரு கோர்ட் என்பவர் காருக்கே செய்திருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று கணினி, செல்போன், வீட்டு வாடகை என்று பல நாட்டுப் புள்ளியியல் துறைகள் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன.

பாஸ்கின் ஆணையத்தில் இவர் இருந்ததால் முதியோர் பென்ஷனைக் குறைக்கப் பார்த்தார் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டா?

உண்டு, ஆணையத்தின் மீது. 1996 டிசம்பரில் ஐந்து பேர் கொண்ட அந்தக் குழு, அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டெண் பணவீக்கத்தை ஆண்டுக்கு 1.1 சதவீதப் புள்ளி கூடுதலாகக் காட்டுகிறது என்று அறிக்கை கொடுத்தது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் அந்தக் குறியீட்டோடு கட்டப்பட்டது, ஆகவே எண்ணைத் திருத்தினால் முதியவர்களுக்கு ஆண்டு உயர்வு குறையும். அரசியல் ஆனதில் ஆச்சரியம் இல்லை. எனக்கு அந்த 1.1 என்ற ஒற்றை எண்ணில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது, தரம் பற்றிய பகுதியில் மதிப்பீடு என்பதைவிட ஊகம் அதிகம். ஆனால் கிரிலிக்கஸைப் பொறுத்தவரை இது 1961-இலிருந்து அவர் சொல்லிவந்ததுதான், பென்ஷன் விவாதத்துக்காகப் புதிதாகப் பிடித்த கருத்து இல்லை.

ஹார்வர்டு போன பிறகு வேளாண்மையை விட்டுவிட்டாரா?

பயிரை விட்டார், கேள்வியை விடவில்லை. ஆராய்ச்சிக்குப் போடும் பணம் எப்படி உற்பத்தியாகத் திரும்புகிறது என்பதை மக்காச்சோளத்தில் கேட்டவர், அடுத்து மருந்து, மின்னணு, எந்திரக் கம்பெனிகளில் கேட்டார். அங்கே விளைச்சலை அளக்க ஏக்கர் கிடையாது, ஆகவே காப்புரிமை எண்ணிக்கையை எடுத்தார். அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வகத்தில் (NBER) உற்பத்தித்திறன் திட்டத்தை ஏறக்குறைய இருபதாண்டு நடத்தினார். ஜெர்ரி ஹவுஸ்மன், பிரான்வின் ஹால் ஆகியோரோடு 1984-இல் எழுதிய கட்டுரை, காப்புரிமை மாதிரி பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று வரும் எண்ணிக்கைத் தரவுக்கான மாதிரிகளைப் பொருளியலில் நிலைக்கவைத்தது. அதே நேரத்தில் ஒரு காப்புரிமை இன்னொன்றுக்குச் சமம் இல்லை, பாதிக்கு மேல் பிரயோசனமில்லாதவை என்பதையும் திரும்பத் திரும்ப எழுதினார்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு?

நேரடியாக ஒன்று: ஜி. எஸ். மத்தாலா. ஆந்திரப் பல்கலைக்கழகம், பம்பாய் என்று படித்துவிட்டு சிகாகோ போய் 1963-இல் கிரிலிக்கஸிடம் பிஎச்டி முடித்தவர். எகனாமெட்ரிக்ஸ் படித்த இந்திய மாணவர் யாராக இருந்தாலும் மத்தாலா பாடநூலைத் தொடாமல் வந்திருக்க முடியாது.

அதே சிகாகோச் சூழலிலிருந்து வந்த இன்னொருவர் ராஜ் கிருஷ்ணா. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாப் தரவை வைத்து, இந்திய விவசாயி விலைக்கு ஏற்பப் பரப்பை மாற்றுகிறான், குறிப்பாகப் பருத்தியில் என்று 1963-இல் காட்டினார். ஏழை விவசாயி விலைக்கு அசைய மாட்டான் என்று டெல்லியில் பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் பயன்படுத்தியது மார்க் நெர்லோவ் உருவாக்கிய கணக்கு மாதிரியை (மாடல்). நெர்லோவும் வேளாண் அளிப்பிலிருந்து தொடங்கி 1969-இல் கிளார்க் பதக்கம் வாங்கியவர்.

நோபல் ஏன் வரவில்லை?

யாருக்கும் தெரியாது. மாணவர்களையும் கூட்டாளிகளையும் எண்ணினால் அவர் பெயர் இல்லாத மேடை குறைவு. ஒரே பெரிய தேற்றம் என்று காட்ட முடியாத, பத்துத் துறைக்கு அடித்தளம் போட்ட ஆட்களுக்கு இந்தப் பரிசு சுலபத்தில் வருவதில்லை.

அவர் ஆய்வில் பின்னால் யாராவது ஓட்டை கண்டுபிடித்தார்களா?

ஆம், நியாயமானவை சில. 1980-இல் ராபர்ட் டிக்சன் அதே தரவைக் கூடுதல் ஆண்டுகளோடு பொருத்திப் பார்த்தார். 60, 70 சதவீதத்தில் நின்றுவிடும் என்று கிரிலிக்கஸ் கணித்த மாநிலங்கள்கூட ஏறக்குறைய 100-க்குப் போய்விட்டன, பல இடங்களில் வளைவும் சமச்சீரான எஸ் ஆக இல்லை. கிரிலிக்கஸ் பதில் எழுதினார்: உச்சவரம்பு அன்றைய ஒட்டுகளுக்கானது, ஒட்டு மேம்பட்டால் வரம்பும் உயரும். சரியான பதில், ஆனால் அப்போது மூன்றாவது எண் நிலையானதாக இல்லை என்றும் ஆகிறது.

பொருளாதார வரலாற்றாளர் ரிச்சர்ட் சட்ச், 1934, 1936 வறட்சிகளைக் கொண்டுவந்தார். வறட்சியில் ஒட்டு ரகம் சாயாமல் நின்றதைக் கண்ணால் பார்த்ததுதான் அயோவாக்காரர்களைத் தள்ளியது, சாதாரண ஆண்டில் லாபம் அவ்வளவு தெளிவாக இல்லை என்பது அவர் வாதம். எனக்கு இது பலமான வாதமாகத் தெரிகிறது. இன்னொரு தரப்பு, விதையை ஒவ்வொரு பட்டமும் விலைக்கு வாங்க வைக்கும் ஏற்பாட்டால் அதிகாரம் யாரிடம் போனது என்று கேட்கிறது. நுகர்வோர் உபரிக் கணக்கில் அந்தக் கேள்விக்கு இடமே கிடையாது.

தரவு மோசமாக இருந்தால் என்ன செய்யச் சொல்கிறார்?

அவர் ஒரு கட்டுரையில் கிண்டலாக எழுதினார்: தரவின் கோளாறுதான் எகனாமெட்ரிக்ஸ்காரர்களுக்குச் சோறு போடுகிறது, அதனால் அதைச் சரிசெய்வதில் நமக்கு அக்கறை இல்லாததில் வியப்பில்லை. மற்றபடி அவர் அறிவுரை ரொம்பச் சாதாரணம். தரவை யார், எதற்காக, எப்படித் திரட்டினார்கள் என்று போய்ப் பாருங்கள். நம் ஊரில் சாகுபடிச் செலவு ஆய்வுத் தரவைப் பயன்படுத்துகிறவர்கள், குடும்ப உழைப்புக்கு எந்தக் கூலியில் மதிப்புப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்காமலே ரிக்ரஷன் ஓட்டுவதைப் பார்த்தால் அவருக்கு என்ன வந்திருக்குமோ.

இந்தத் துறைக்கு இப்போது வரலாமா?

வரலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளியல் முதுகலையும் பிஎச்டியும் இருக்கின்றன. கணக்கும் புள்ளியியலும் பலமாக இருக்கட்டும், ஆர் அல்லது ஸ்டாட்டா ஏதாவது ஒன்று கையில் பழகட்டும். அதைவிட, 1975-இல் தொடங்கிய இக்ரிசாட் (ஹைதராபாத் அருகே உள்ள பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனம்) கிராம ஆய்வுத் தரவு மாதிரி ஒரே குடும்பங்களைப் பல ஆண்டு தொடர்ந்த தரவை எடுத்து ஒரு மாதம் உட்கார்ந்து பாருங்கள். பிடித்தால் துறைக்கு வாருங்கள்.

அந்த எஸ் வளைவை என் மாவட்டத்துக்கு நானே போட முடியுமா?

தாராளமாக, எக்செல் போதும். ஆண்டுவாரியாகப் புது ரகம் போட்ட பரப்பின் சதவீதம் வேண்டும். உச்சவரம்பு என்று ஓர் எண்ணை முடிவுசெய்யுங்கள், 100 என்றே வையுங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் சதவீதத்தை, உச்சவரம்பிலிருந்து அதைக் கழித்தால் வரும் மீதியால் வகுத்து, இயற்கை மடக்கை எடுங்கள். அந்த எண்ணை ஆண்டின் மேல் ரிக்ரஷன் போட்டால் வரும் கோட்டின் சாய்வுதான் வேகம். பத்திலிருந்து தொண்ணூறு போக எத்தனை ஆண்டு என்று தெரிய 4.4-ஐ அந்தச் சாய்வால் வகுங்கள்; சாய்வு 1.1 என்றால் நாலு ஆண்டு, அதாவது அயோவா வேகம். முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் புள்ளிகளை விட்டுவிடுங்கள், மடக்கை எடுக்கும்போது அவை கோட்டை இழுத்துக் கெடுத்துவிடும். உச்சவரம்பை 80, 90, 100 என்று மாற்றி மூன்று தடவை போட்டுப் பாருங்கள், சாய்வு எவ்வளவு மாறுகிறது என்பதையும் அறிக்கையில் சேர்த்தே எழுதுங்கள்.